கல்லூரி சேஃப்டிகளை எப்படி ஒப்பிடுவது? என்எஃப்எல் டிராஃப்ட் பார்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சேஃப்டி ஆட்டக்காரர்களைப் பற்றி அதிகம் வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபுட்பால் என்று இதில் சொல்வதெல்லாம் அமெரிக்க ஃபுட்பால்தான். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் 2025 டிராஃப்டைத் தொட்டிருக்கிறேன். அதில் வந்த மலாக்கி ஸ்டார்க்ஸ், நிக் எமன்வோரி, சேவியர் வாட்ஸ் மூவரும் மூன்று தினுசு, ஒப்பிட வசதி.

சேஃப்டி என்பவர் யார்? கார்னர்பேக்குக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

டிஃபென்ஸின், அதாவது தடுக்கும் பக்கத்தின், 11 பேரில் எல்லோருக்கும் பின்னால் நிற்பவர். வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். கார்னர்பேக் ஓரத்தில் ஒரு ரிசீவரை (பாஸைப் பிடிக்க ஓடுபவரை) ஒட்டிக்கொண்டே ஓடுகிறார். சேஃப்டிக்கு மொத்தக் களமும் கண்ணில் பட வேண்டும். நீளமான பாஸ் போனால் அங்கே ஓடிச் சேர வேண்டும். பந்தைக் கையில் வைத்து ஓடும் ரன்னிங் பேக் நடுவில் உடைத்துக்கொண்டு வந்தால் முன்னால் பாய்ந்து வீழ்த்த வேண்டும். அவரையும் தாண்டிவிட்டால் பின்னால் ஆளே கிடையாது, எதிரணிக்கு டச் டவுன் புள்ளிகள்தான்.

ஃப்ரீ சேஃப்டி, ஸ்ட்ராங் சேஃப்டி என்ற பிரிவு இன்னும் இருக்கிறதா?

அணிப் பட்டியலில் இருக்கிறது, களத்தில் மங்கிவிட்டது. பழைய கணக்கில் ஃப்ரீ சேஃப்டி பின்னால் தனியாக நின்று பாஸைக் காப்பார். ஸ்ட்ராங் சேஃப்டி லைன்பேக்கர்களுக்கு (டிஃபென்ஸின் நடுவரிசைக்காரர்களுக்கு) அருகே நின்று ஓட்டத்தைத் தடுப்பார். இப்போது பல அணிகள் இரண்டு சேஃப்டிகளையும் பின்னால் நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்குகின்றன. பந்து கைமாறியதும் ஒருவர் முன்னால் இறங்குவார், இன்னொருவர் நடுவுக்கு நகர்வார். யார் எதைச் செய்யப்போகிறார் என்று பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்குத் தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம். அதனால் இரண்டு வேலையும் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது: உள்பக்க ரிசீவருக்கு எதிரே, ஸ்லாட்டில் நிற்பது.

சேஃப்டிகளை ஏன் டிராஃப்டில் தாமதமாகவே எடுக்கிறார்கள்?

முதலில் டிராஃப்ட் நடக்கும் முறை. 32 அணிகள், 7 சுற்று. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. உங்கள் முறை வரும்போது யார் மிச்சமோ அவர்களில் ஒருவர். ஆகவே ஒவ்வொரு அணியும் முதல் சுற்றை, வெளியில் வாங்கினால் விலை அதிகமாகும் இடங்களுக்கே ஒதுக்கப் பார்க்கும். குவார்ட்டர்பேக், அவரைத் துரத்துபவர், அவரைக் காக்கும் டேக்கிள் என்ற இடத்துக்காரர், கார்னர்பேக் இவர்கள் அந்த வகை.

சேஃப்டி அந்த வரிசையில் கீழே. 2025 கோடையில் நியூயார்க் ஜெட்ஸ் அணி கார்னர்பேக் சாஸ் கார்ட்னருக்கு 4 ஆண்டுகளுக்கு 12.04 கோடி டாலர் நீட்டிப்புக் கொடுத்தது. அடுத்த மாதமே சேஃப்டிகளில் அதுவரை யாரும் வாங்காத ஒப்பந்தத்தைக் கைல் ஹாமில்டன் வாங்கினார்: அதே 4 ஆண்டு, 10.04 கோடி டாலர். தன் இடத்தில் உச்சத்தில் இருப்பவருக்கே அவ்வளவு இடைவெளி.

2020, 2021, 2023, 2024 ஆகிய நான்கு டிராஃப்டுகளிலும் முதல் சுற்றில் முழுநேர சேஃப்டி ஒருவர்கூடப் போகவில்லை. 2024-இல் முதலில் போனவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டைலர் நூபின், அதுவும் 47-ஆவது இடத்தில். நடுவில் 2022 மட்டும் விதிவிலக்கு: 14, 31, 32 ஆகிய இடங்களில் மூன்று பேர்.

சரி, இரண்டு பேரை ஒப்பிட உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கல்லூரியில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன என்பதிலிருந்து. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒருவர் பின்னால் 15 கெஜம் தள்ளி நின்று ஆடியவர், இன்னொருவர் லைன்பேக்கர் பக்கத்தில் நின்று ஆடியவர் என்றால் இருவரின் இன்டர்செப்ஷனையும் (எதிரணி பாஸைப் பறிப்பது) டேக்கிளையும் (பந்தோடு வருபவரை வீழ்த்துவது) பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து ஒன்றும் புரியப்போவதில்லை. முதலாமவருக்குப் பந்து வரும், இரண்டாமவருக்கு ஆள் வருவார்.

அதன் பிறகு, எடுக்கப்போகும் அணி என்ன வேலை வைத்திருக்கிறது என்று பாருங்கள். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 2010-ஆம் ஆண்டு சியாட்டில் சீஹாக்ஸ். பீட் கேரல் பயிற்சியாளராக வந்த முதல் டிராஃப்ட். 14-ஆவது இடத்தில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எர்ல் தாமஸை எடுத்தார்கள். 5 அடி 10 அங்குலம், வேகம், முந்தைய கல்லூரிப் பருவத்தில் 8 இன்டர்செப்ஷன். ஐந்தாம் சுற்றில் 133-ஆவதாக வர்ஜீனியா டெக்கின் கேம் சான்சலர்: 6 அடி 3 அங்குலம், 230 பவுண்டுக்கு மேல், அதாவது 100 கிலோவைத் தாண்டிய ஆள். சேஃப்டியா லைன்பேக்கரா என்று பலருக்கும் குழப்பம். கேரல் தாமஸை நடுவில் தனியாகப் பின்னால் விட்டார், சான்சலரை முன்னால் இறக்கினார். இருவரும் இடம் மாறியிருந்தால் இரண்டு பேரும் திணறியிருப்பார்கள். 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் டென்வர் அணியை 43-8 என்று வென்றபோது நடுக்களத்தில் ரிசீவர்கள் பந்தைப் பிடிக்கவே தயங்கியதற்கு சான்சலர் ஒரு பெரிய காரணம்.

"தாமஸா சான்சலரா, யார் நல்ல சேஃப்டி?" என்று 2010 ஏப்ரலில் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே தப்பு.

40 கெஜ ஓட்டத்தில் யார் வேகமோ அவரைத்தானே எடுக்க வேண்டும்?

டிராஃப்டுக்கு முன் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு இண்டியானாபொலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனையான கம்பைனில் எல்லோரும் காத்திருப்பது இந்த ஓட்டத்துக்குத்தான். 40 கெஜம் என்றால் சுமார் 36.6 மீட்டர். சேஃப்டிகளில் 4.4 விநாடிக்குக் கீழே ஓடினால் கைதட்டல், 4.6-ஐத் தாண்டினால் முகச்சுளிப்பு.

2022-ஐப் பாருங்கள். ஜார்ஜியாவின் லூயிஸ் சீன் 4.37 ஓடினார். நோட்டர் டேமின் கைல் ஹாமில்டன் 4.59. அந்த ஓட்டத்துக்கு முன்பு முதல் ஐந்துக்குள் போவார் என்று பேசப்பட்ட ஹாமில்டன் 14-ஆவது இடம் வரை நழுவினார். பால்டிமோர் ரேவன்ஸ் அமைதியாக எடுத்துக்கொண்டது. சீன் 32-ஆவதாக மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். ஹாமில்டன் 2023-இல் ஆல்-ப்ரோ முதல் அணியில், அதாவது அந்தப் பருவத்தின் சிறந்தவர்கள் பட்டியலில், இருந்தார். சீனை 2024 ஆகஸ்டில் வைக்கிங்ஸ் விடுவித்தது. இதில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: சீனுக்கு முதல் பருவத்திலேயே லண்டனில் நடந்த ஆட்டத்தில் கால் எலும்பு மோசமாக முறிந்தது. அவர் கதையை வேகத்தின் தோல்வி என்று எழுதுவது சரியல்ல. ஹாமில்டன் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மட்டும் தெளிவு: 6 அடி 4 அங்குல ஆள், பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே படிக்கத் தெரிந்தவர், நேர்கோட்டில் ஒரு கீற்று மெதுவாக ஓடினால் குறைந்துவிட மாட்டார்.

மெதுவாக ஓடியவர்கள் பட்டியல் இதோடு நிற்கவில்லை. சேவியர் மெக்கின்னி 4.63. டலனோவா ஹுஃபாங்கா 4.61. பிரையன் பிராஞ்ச் 4.58. முதல் இருவரும் பின்னால் ஆல்-ப்ரோ முதல் அணிக்கு வந்தார்கள், பிராஞ்ச் ப்ரோ பவுல் எனும் நட்சத்திர அணிக்கு.

அதற்காக ஓட்டத்தைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. பின்னால் தனியாக நிற்கும் வேலைக்கு எடுக்கிறீர்கள் என்றால் வேகம் கட்டாயம். அங்கே 4.65 ஓடுபவரை விட்டால் ஓரத்துக்குப் போகும் பந்துக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் ரிசீவர் கொண்டாட ஆரம்பித்திருப்பார்.

கல்லூரிக் களத்துக்கும் என்எஃப்எல் களத்துக்கும் வித்தியாசம் உண்டா?

அகலம் ஒன்றுதான், 160 அடி. பந்தை வைக்கும் இடத்தில்தான் வித்தியாசம், பலர் கவனிப்பதில்லை. களத்தின் நடுவே ஓடும் இரண்டு வரிசைக் குறுங்கோடுகளுக்கு ஹாஷ் மார்க் என்று பெயர். கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடிதான், மறுபக்கம் 100 அடி திறந்து கிடக்கும். அந்த அகலமான பக்கத்தில் நின்ற சேஃப்டியின் வேலையே வேறு. குறுகிய பக்கத்தில் நின்றவருக்கு ஓரக்கோடே பாதி உதவி செய்துவிடும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் ஏறத்தாழ நடுவில். இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும். கல்லூரி ஆட்டத்தைப் பார்க்கும்போது இவர் எந்தப் பக்கம் நின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்டர்செப்ஷன் எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம். நோட்டர் டேமின் சேவியர் வாட்ஸ் 2023-இல் 7, 2024-இல் 6, ஆக இரண்டு பருவத்தில் 13 இன்டர்செப்ஷன். நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நகுர்ஸ்கி விருதும் வாங்கினார். ஜார்ஜியாவின் மலாக்கி ஸ்டார்க்ஸ் மூன்று பருவத்தில் 6 மட்டுமே, கடைசிப் பருவத்தில் ஒன்றே ஒன்று. டிராஃப்டில் ஸ்டார்க்ஸ் 27, வாட்ஸ் 96. எண்ணிக்கைதான் எல்லாம் என்றால் இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும்.

பந்து பறிப்பதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. முன்வரிசை குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்தினால் பின்னால் நிற்பவருக்குத் தப்பான பாஸ் வந்து விழும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2022-இல் சிட்னி பிரவுன் 6 இன்டர்செப்ஷன் எடுத்தார். அதே பின்வரிசையில் கார்னர்பேக் டெவன் விதர்ஸ்பூனும் குவான் மார்ட்டினும் இருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் விதர்ஸ்பூன் 5, மார்ட்டின் 47, பிரவுன் 66 என்று மூவருமே போனார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவர் கணக்கைத் தனியாகப் பிரித்தெடுப்பது கடினம்.

ஆனாலும் திரும்பத் திரும்பப் பந்து ஒருவர் கைக்கே வருகிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. மயாமியின் கம்ரன் கின்சென்ஸ் இரண்டு பருவத்தில் 11 எடுத்துவிட்டு, கம்பைனில் 4.65 ஓடியதால் 99-ஆவது இடத்துக்குச் சரிந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் எடுத்தது. முதல் பருவத்திலேயே சியாட்டிலில் ஒரு பாஸைப் பறித்து 103 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார். வேகம் குறைவு என்று சொன்னவர்கள் அந்த ஓட்டத்தை முழுசாகப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

என் வழி இது: எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு இன்டர்செப்ஷனையும் தனித்தனியாகப் பாருங்கள். பந்து தட்டுப்பட்டு மடியில் விழுந்ததா, அல்லது குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்து, வீசுவதற்கு முன்பே கிளம்பியிருந்தாரா? இரண்டாவது வகை இரண்டு இருந்தால் முதல் வகை ஐந்துக்குச் சமம்.

டேக்கிள் நிறைய எடுத்தவர் நல்லவர்தானே?

சேஃப்டிக்கு டேக்கிள் நிறைய வருகிறது என்றால் சில சமயம் அவருக்கு முன்னால் இருப்பவர்கள் சரியில்லை என்று அர்த்தம். ஓட்டம் ஒவ்வொன்றும் 10 கெஜம் தாண்டி வந்தால் கடைசி ஆள் கணக்கு ஏறத்தானே செய்யும்.

பார்க்க வேண்டியது தவறவிட்டவை. லைன்பேக்கர் தவறவிட்டால் பின்னால் சேஃப்டி இருக்கிறார். சேஃப்டி தவறவிட்டால் ஸ்கோர்போர்டு மாறுகிறது. அலபாமாவில் பிரையன் பிராஞ்ச் டேக்கிள் தவறவிடுவதே அபூர்வம். வேகம், உயரம் இரண்டிலும் சாதாரணமாக இருந்தவரை டெட்ராய்ட் லயன்ஸ் 45-ஆவது இடத்தில் எடுத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2023 செப்டம்பரில் அவருடைய முதல் என்எஃப்எல் ஆட்டத்திலேயே, கேன்சஸ் சிட்டியில், ரிசீவர் கையிலிருந்து எகிறிய, குவார்ட்டர்பேக் மகோம்ஸின் பாஸைப் பிடித்து 50 கெஜம் ஓடி டச் டவுன். லயன்ஸ் 21-20 என்று ஜெயித்தது. அதிர்ஷ்டம்தான், ஆனால் அந்த இடத்தில் நின்றதில் இல்லை.

வீட்டில் திரையில் பார்த்தே ஒரு சேஃப்டியை எடைபோட முடியுமா?

பாதி முடியும். நேரடி ஒளிபரப்பு கேமரா பந்தைச் சுற்றியே இருப்பதால் பந்து கைமாறும் நொடியில் சேஃப்டி பெரும்பாலும் படத்திலேயே இருக்க மாட்டார். பாஸ் போய்ச் சேரும்போது எங்கிருந்தோ நுழைவார். அவர் முதல் இரண்டு அடியை எந்தப் பக்கம் எடுத்து வைத்தார் என்பதுதான் நமக்கு வேண்டும், அது தெரியாது. 22 பேரையும் உயரத்திலிருந்து காட்டும் படம் ரசிகர்களுக்கு என்எஃப்எல் ஆட்டங்களில் கிடைக்கிறது. கல்லூரி ஆட்டங்களில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. களத்தின் முனையான எண்ட் ஸோன் பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளேக்களை விடாதீர்கள்.

கிடைக்கும் படத்தில் நான் பார்ப்பது கோணம். ரன்னிங் பேக் இடது ஓரமாகத் தப்பித்து ஓடுகிறார் என்று வையுங்கள். சேஃப்டி அவர் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி ஓடினால் சென்று சேரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். இன்னும் 8 கெஜம் கழித்து அவர் இருக்கப்போகும் இடத்தைக் கணக்கிட்டு ஓட வேண்டும். அங்கே நெருங்கியதும், கடைசி மூன்று கெஜத்தில், வேகத்தைக் குறைத்துக் காலைச் சின்னச் சின்னதாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டும். தோளையோ தலையையோ பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அவை ஆடும், இடுப்பு ஆடாது. கல்லூரியில் ஹைலைட் வீடியோவில் கலக்குபவர்களில் பலர் இந்தக் கடைசி மூன்று கெஜத்தில் முழு வேகத்தில் பாய்ந்து காற்றை அணைப்பார்கள். அந்தப் படங்கள் ஹைலைட்டில் வராது, அதனால் முழு ஆட்டத்தைப் பாருங்கள். அணி தோற்ற ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

2025 டிராஃப்டில் ஸ்டார்க்ஸ், எமன்வோரி, வாட்ஸ் மூவரில் உங்கள் வரிசை என்ன?

முதலில் மூவரும் யார் என்று.

ஸ்டார்க்ஸ் பள்ளியில் குவார்ட்டர்பேக். ஜார்ஜியாவுக்கு வந்த முதல் வருடமே தொடக்க அணியில் ஆடி, அந்தப் பருவத்தில் தேசிய சாம்பியன் பட்டமும் பார்த்துவிட்டார். பின்னால் நின்றார், ஸ்லாட்டில் நின்றார், முன்னாலும் இறங்கினார். எங்கே வைத்தாலும் குறை தெரியாது. 2024 தொடக்கத்தில் அட்லாண்டாவில் கிளெம்சனுக்கு எதிராக நீளமான பாஸ் ஒன்றுக்கு ரிசீவரோடு ஓடிக்கொண்டே முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்து பிடித்தாரே, அந்த ஒரு பந்தை வைத்தே அவர் உடல் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். 40 கெஜம் 4.50. பிரமாதமும் இல்லை, மோசமும் இல்லை.

எமன்வோரி சவுத் கரோலைனா. 6 அடி 3 அங்குலம், 220 பவுண்டு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு 4.38 விநாடி. நின்ற இடத்திலிருந்து 43 அங்குலம் உயரக் குதித்தார், 11 அடி 6 அங்குலம் நீளம் தாண்டினார். கம்பைனில் அன்று இண்டியானாபொலிஸ் முழுக்க இவர் பேச்சுதான். கடைசிக் கல்லூரிப் பருவத்தில் 4 இன்டர்செப்ஷன், அதில் இரண்டு டச் டவுன். குறை என்னவென்றால், அந்த உடம்புக்கு ஏற்ற அடி சில சமயம் டேக்கிளில் தெரியாது. பாய வேண்டிய இடத்தில் தயங்கியதாகத் தோன்றும்.

வாட்ஸ் நெப்ராஸ்காவின் ஓமாஹாவிலிருந்து நோட்டர் டேமுக்கு ரிசீவராக வந்தவர், பின்னால்தான் சேஃப்டி ஆனார். பந்து காற்றில் இருக்கும்போது அது தனக்கு வீசப்பட்ட மாதிரியே ஓடுவார். 2024 கடைசியில் யுஎஸ்சி அணிக்கு எதிராக ஒரு பாஸைப் பறித்து 100 கெஜம் ஓடினார். ஐந்து வருடம் கல்லூரியில் இருந்தவர் என்பதால் வயது கொஞ்சம் கூடுதல், வேகம் சுமார். அணிகள் அதைத்தான் பிடித்துக்கொண்டன.

தனியாக வரிசைப்படுத்தச் சொன்னால் ஸ்டார்க்ஸ், எமன்வோரி, வாட்ஸ். ஆனால் முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையே டிராஃப்ட் காட்டிய 69 இட வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வாட்ஸ் 96-ஆவது இடத்தில் கிடைத்தது மலிவு.

மூவரும் போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள், அங்கேதான் சுவாரசியம். ஸ்டார்க்ஸை எடுத்தது ரேவன்ஸ். அங்கே ஏற்கெனவே கைல் ஹாமில்டன் இருக்கிறார். பின்னால் நம்பிக்கையான ஒருவர் வந்துவிட்டால் ஹாமில்டனை முன்னால், ஸ்லாட்டில், எங்கே வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம். எமன்வோரியை எடுத்தது சியாட்டில். அங்கே தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்ட். 2023-இல் ரேவன்ஸ் டிஃபென்ஸை நடத்தி, ஹாமில்டனைப் பல இடங்களில் நிறுத்தி ஆல்-ப்ரோ ஆக்கியவர் அவர்தான். 6 அடி 4, 220 பவுண்டை விட்டுவிட்டு வந்தவர் 6 அடி 3, 220 பவுண்டைத் தேடிப் பிடித்திருக்கிறார். இதற்காக 52, 82 ஆகிய இரண்டு இடங்களை டென்னசி டைட்டன்ஸுக்குக் கொடுத்து 35-க்கு ஏறினார்கள். டைட்டன்ஸ் அந்த 82-இல் எடுத்ததும் ஒரு சேஃப்டியைத்தான், பென் ஸ்டேட்டின் கெவின் வின்ஸ்டன் ஜூனியர். வாட்ஸ் போன அட்லாண்டா ஃபால்கன்ஸில் ஜெஸ்ஸி பேட்ஸ் இருக்கிறார். பந்தைத் தேடி அலையும் அனுபவசாலி பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள நல்ல இடம்.

உயரம் எவ்வளவு முக்கியம்?

ஸ்லாட்டில் பெரிய உடம்பு ரிசீவர்களான டைட் எண்டுகளோடு மோத வேண்டும் என்றால் முக்கியம். மற்றபடி அன்டுவான் வின்ஃபீல்ட் ஜூனியரின் பெயரைச் சொன்னால் போதும். 5 அடி 9 அங்குலம். 2020-இல் டாம்பா பே 45-ஆவதாக எடுத்தது. முதல் வருடமே சூப்பர் பவுல், 2023-இல் ஆல்-ப்ரோ முதல் அணி.

சின்னக் கல்லூரியிலிருந்து வருபவரைப் பெரிய கல்லூரிக்காரரோடு எப்படி ஒப்பிடுவது?

அவர் அந்த மட்டத்தில் வெறுமனே நன்றாக ஆடினால் போதாது, இவர் அங்கே ஆட வேண்டியவரே இல்லை, அதற்கும் மேலே என்று தோன்ற வேண்டும். கைல் டக்கர் லெனோய்ர்-ரைன் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் ஆடியவர்; 2020-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 37-ஆவது இடத்தில் எடுத்தது. அதே வருடம் சதர்ன் இல்லினாயின் ஜெரமி சின் 64-இல் கரோலைனாவுக்குப் போய், ஒரே ஆட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை தவறிய பந்தை எடுத்து ஓடி இரண்டு டச் டவுன் போட்டார்.

ஜனவரி கடைசியில் அலபாமாவின் மொபீல் நகரில், டிராஃப்டுக்குத் தயாராகும் கல்லூரிக்காரர்களுக்கு நடக்கும் சீனியர் பவுல் பயிற்சிகள் இதற்கு உதவும். பெரிய கல்லூரி ரிசீவர்களை அங்கே ஒற்றைக்கு ஒற்றை எதிர்கொள்ள வேண்டும். ஆட்டத்தைவிட அந்த வாரத்தின் பயிற்சிகளைத்தான் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

காயம்பட்டவரைத் தள்ளிவிடலாமா?

எந்தக் காயம் என்பதைப் பொறுத்தது. எலும்பு முறிவு சேர்ந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் தசைப்பிடிப்பு, முழங்கால் குருத்தெலும்பு இவைதான் பயம். எடி ஜாக்சன் 2016-இல் அலபாமாவில் கால் முறிந்து உட்கார்ந்தார். அதனால் நான்காம் சுற்றில் 112-ஆவது இடம். சிகாகோ பேர்ஸுக்காக இரண்டாவது பருவத்தில், 2018-இல், ஆல்-ப்ரோ முதல் அணி. மருத்துவ அறிக்கை நம் கைக்கு வராது, எனவே இந்த விஷயத்தில் அணிகள் ஒருவரைக் காரணம் சொல்லாமல் தள்ளினால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

என் அணிக்கு சேஃப்டி வேண்டும். முதல் சுற்றிலேயே எடுக்கச் சொல்லலாமா, காத்திருக்கலாமா?

ஹாமில்டன், டெர்வின் ஜேம்ஸ் மாதிரி ஒருவர் நழுவி வந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஜேம்ஸ் 2018-இல் 17-ஆவது இடம் வரை வந்தது இன்றும் எனக்கு ஆச்சரியம். அப்படி ஆள் இல்லையென்றால் காத்திருப்பதே நல்லது. சில ஆண்டுகளின் ஆல்-ப்ரோ முதல் அணிகளில் சேஃப்டியாக இருந்தவர்களையும் அவர்கள் டிராஃப்ட் இடத்தையும் பாருங்கள்:

2018: டெர்வின் ஜேம்ஸ் (17), எடி ஜாக்சன் (112)
2022: மிங்கா ஃபிட்ஸ்பாட்ரிக் (11), டலனோவா ஹுஃபாங்கா (180)
2023: கைல் ஹாமில்டன் (14), அன்டுவான் வின்ஃபீல்ட் ஜூனியர் (45)
2024: சேவியர் மெக்கின்னி (36), கெர்பி ஜோசஃப் (97)

முதல் சுற்று ஆள் ஒருவர், பக்கத்தில் எங்கிருந்தோ வந்தவர் ஒருவர். 2024-இல் முதல் சுற்றுக்காரர் ஒருவர்கூட இல்லை. மெக்கின்னியையும் அவரை முதலில் எடுத்த ஜயன்ட்ஸ் அணி வைத்துக்கொள்ளவில்லை. 2024-இல் கிரீன் பேக்குப் போய் 8 இன்டர்செப்ஷன் எடுத்தார்.

மாக் டிராஃப்டுகளை (யார் எந்த இடத்தில் போவார் என்ற முன்கணிப்புகளை) நம்பலாமா?

முதல் பத்து இடங்களுக்கு ஓரளவு. சேஃப்டி விஷயத்தில் பொழுதுபோக்காகப் படியுங்கள்.

ஒரு சேஃப்டி தேறினாரா என்று எத்தனை பருவம் பார்த்துவிட்டுச் சொல்லலாம்?

மூன்று. முதல் பருவத்தில் பெரும்பாலோர் பக்கத்தில் நிற்பவர் கத்திச் சொல்வதைக் கேட்டு நகர்கிறார்கள். எதிரணி வரிசையைப் பார்த்து மற்றவர்களை நகர்த்தும் பொறுப்பு பிறகுதான் வரும். இல்லினாயில் ஒரே ஒரு நல்ல பருவத்தைக் காட்டிவிட்டு 2022-இல் 97-ஆவதாக டெட்ராய்ட் போன கெர்பி ஜோசஃப், மூன்றாவது பருவத்தில் 9 இன்டர்செப்ஷனுடன் என்எஃப்எல்லிலேயே முதலிடம் பிடித்தார். அதே 2022-இல் அவருக்கு முன்னால் எடுக்கப்பட்ட சேஃப்டிகளின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள், அதற்குப் பிறகு இந்த ஏப்ரலில் உங்கள் அணி யாரை விட்டது என்று சண்டை போடலாம்.